விடுமுறை நாளும் வழிபாட்டுத் தெருக்களும்: சிங்கப்பூரின் பழைய கரையில் ஒரு வரலாற்று நடை

சிங்கப்பூர் நாட்காட்டியில் ஆண்டுக்குப் பதினொரு பொது விடுமுறை நாள்கள் உள்ளன. புனித வெள்ளி, நோன்புப் பெருநாள், விசாக தினம், ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் என அவற்றுள் ஆறு நாள்கள் சமயத் திருநாள்கள். ஆயினும் விடுமுறை நாளில் நாம் வழிபாட்டிடங்களுக்குச் செல்வது வழிபடுவதற்காக மட்டும் அன்று. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் சவுத் பிரிட்ஜ் சாலைக்கு அழைத்துச் செல்கிறோம். கோபுரத்தின் முன் நின்று படம் எடுக்கிறோம், அருகிலுள்ள உணவங்காடியில் உண்கிறோம், வீடு திரும்புகிறோம். இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பார்த்துவிட்டு வந்ததனாலேயே அறிந்துவிட்டோம் என்று எண்ணுவோமானால் அது குறையே.

சில காலத்திற்கு முன் ஒரு பொது விடுமுறை நாளில் மாணவர் சிலருடன் இத்தெருக்களில் நடந்தோம். ஸ்ரீ மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு மாணவி, "சைனாடவுனுக்குள் நம் கோயில் எப்படி வந்தது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதே சாலையில், கோயிலிலிருந்து கூப்பிடு தொலைவில், இரண்டு ஸ்தூபிகளுடன் ஒரு பள்ளிவாசல் நிற்கிறது. அதனைக் கடந்துதான் நாங்கள் கோயிலுக்கு வந்திருந்தோம். ஆனால், "நம் பள்ளிவாசல் இங்கு எப்படி வந்தது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நமக்கும் அக்கேள்வி அப்போது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்கப்பட்ட கேள்வியையும் கேட்கப்படாத கேள்வியையும் சேர்த்தே இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுநூற்று ஐம்பத்தாறு பேர்

1824ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கப்பூரில் முதல் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. அப்போது தீவில் இருந்தோர் 10,683 பேர். அவர்களுள் இந்தியாவிலிருந்து வந்தோர் 756 பேர் மட்டுமே. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த சில ஆண்டுகளை நோக்குவோம்.

1826ஆம் ஆண்டில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமியா சூலியா பள்ளிவாசல் தோன்றியது. 1827ஆம் ஆண்டில் அதே சாலையில் மாரியம்மன் கோயில் எழுந்தது. அதே ஆண்டில் தெலுக் ஆயர் தெருவில் ஒரு குடிசையில் தொழுகை தொடங்கியது; அதுவே இன்றைய அல் அப்ரார் பள்ளிவாசல். 1828க்கும் 1830க்கும் இடையில் அதே தெருவில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. ஐந்தாண்டுக் காலத்தில் நான்கு வழிபாட்டிடங்கள்! நான்குமே தமிழகக் கடற்கரையிலிருந்து வந்தவர்களின் முயற்சியால் எழுந்தவை. ஒன்று இந்துக்களுடையது, மூன்று தமிழ் முஸ்லிம்களுடையவை.

அந்நாளில் அவர்களிடம் நிலையான வருவாய் இல்லை. பலருக்கு நிலையான வீடும் இல்லை. வணிகரும், படகோட்டிகளும், வட்டிக்குக் கொடுப்போரும், சுமை தூக்குவோரும், கூலிக்காரரும் கலந்த சிறு கூட்டம் அது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் முதற்காசுகளை வழிபாட்டிடங்களுக்கு ஏன் கொடுத்தார்கள்? அக்கால வழிபாட்டிடம் செய்த வேலைகளைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

மூன்றாவது நிலம்

மாரியம்மன் கோயிலின் வரலாறு நாராயண பிள்ளையின் பெயருடன் தொடங்குகிறது. அவர் 1819ஆம் ஆண்டு மே மாதம் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் இத்தீவுக்கு வந்தவர். முதலில் அரசுக் கருவூலத்தில் வேலை செய்தார். பின்னர் தீவின் முதற் செங்கற்சூளையை நிறுவினார், துணிக்கடை வைத்தார், 1822ஆம் ஆண்டில் அக்கடை தீக்கிரையானபின் மீண்டும் எழுந்தார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரின் தலைவராகவும் அரசு அவரை ஏற்றுக்கொண்டது.

கோயிலுக்கு முதலில் தெலுக் ஆயர் தெருவில் நிலம் ஒதுக்கப்பட்டது. பூசைக்கு வேண்டிய நன்னீர் அங்கு இல்லை. 'தெலுக் ஆயர்' என்னும் மலாய்ப் பெயருக்கு நீர் விரிகுடா என்பது பொருள். பெயரில் நீர் இருந்தும் குடத்தில் மொள்ள நீர் இல்லை. 1821ஆம் ஆண்டில் இன்றைய ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்க்கு அருகில் வேறோர் இடம் கிடைத்தது. மறு ஆண்டு வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில் அவ்விடம் வேறு பயன்பாட்டிற்குப் போயிற்று. 1823ஆம் ஆண்டில்தான் மூன்றாவதாக இன்றுள்ள நிலம் கைக்கு வந்தது. நான்காண்டுகள் கழித்து அங்கு மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஒரு கோயில் எழுந்தது. செங்கற்சூளை வைத்திருந்தவர் எழுப்பிய கோயிலும் அத்தாப்புக் கூரையிலிருந்தே தொடங்கியது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இன்றைய கட்டடத்தின் மிகப் பழைய செங்கற் பகுதிகள் 1843ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. நாம் படம் எடுத்துக்கொள்ளும் கோபுரமோ இருபதாம் நூற்றாண்டுக்குரியது. 1903ஆம் ஆண்டில் எழுந்து, 1925ஆம் ஆண்டில் இன்றைய வடிவின் அடித்தளத்தைப் பெற்று, 1960களில் சுதைச் சிற்பங்களால் மேலும் நிறைந்தது.

மாணவியின் கேள்விக்கு இங்கு விடை உண்டு. கோயில் சைனாடவுனுக்குள் வந்து சேரவில்லை. கோயிலும் சைனாடவுனும் ஒரே காலத்தில், ஒரே துறைமுகத்தை நம்பி, பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தன. அதற்குத் தெருப் பெயர்களே சான்று. கோயிலைக் கண்ட ஐரோப்பியர் அதனைப் 'பகோடா' என்றனர். அதனால் கோயிலின் ஒரு புறம் பகோடா தெரு ஆயிற்று. மறுபுறம் டெம்பிள் தெரு. பள்ளிவாசலின் அருகில் மாஸ்க் தெரு. சைனாடவுனின் பரபரப்பான மூன்று தெருக்கள் இன்றும் ஒரு தமிழ்க் கோயிலையும் ஒரு தமிழ்ப் பள்ளிவாசலையும் தம் பெயர்களில் சுமந்து நிற்கின்றன.

இக்கோயில் பூசை நடந்த இடம் மட்டும் அன்று. கப்பலிலிருந்து இறங்கி வேலையும் இருப்பிடமும் கிடைக்கும்வரை புதியவர்கள் தங்கிய இடமும் இதுவே. இந்துத் திருமணங்களைப் பதிவுசெய்யும் உரிமை பெற்ற ஒரே கோயிலாகவும் ஒரு காலத்தில் இது விளங்கியது. நோய்க்கு மருந்து அரிதாக இருந்த நாளில், அம்மை முதலிய கொள்ளை நோய்களிலிருந்து காப்பவள் என்று கருதப்பட்ட அம்மனை மக்கள் முதலில் நாடியது இயல்பே. வேலை, துணை, உடல்நலம் என்ற மூன்று கவலைகளுக்கும் ஒரே வாசலில் ஆறுதல் கிடைத்தது.

பெரிய பள்ளியும் குச்சுப் பள்ளியும்

இப்போது கேட்கப்படாத கேள்விக்கு வருவோம். ஜாமியா பள்ளிவாசலைத் தமிழ் முஸ்லிம்கள் 'பெரிய பள்ளி' என்று அழைத்தனர். அன்சார் சாகிபு என்பவரின் தலைமையில் 1826ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அது, 1830களின் முற்பாதியில் புதிதாகக் கட்டப்பட்டது. இக்கட்டடத்தில் மாணவர்களுக்குக் காட்ட வேண்டிய ஒன்று உண்டு. முன்வாயில் சாலையை நேராக நோக்கி நிற்கிறது. உள்ளே உள்ள தொழுகைக் கூடமோ சற்றுத் திரும்பியிருக்கிறது. வாயில் நகரத் திட்டத்திற்கு உட்பட்டது. கூடம் மக்காவின் திசைக்கு உட்பட்டது. புதிய ஊரின் ஒழுங்குக்கு இணங்கியும் தம் நெறியை விடாமலும் வாழ்ந்த ஒரு சமூகத்தின் நிலை அக்கோணத்தில் தெரிகிறது.

தெலுக் ஆயர் தெருவின் அல் அப்ரார் பள்ளிவாசலுக்குக் 'குச்சுப் பள்ளி' என்று பெயர். குச்சு என்பது சிறு குடிசை. குச்சுவீடு என்னும் வழக்கில் இன்றும் அச்சொல் உண்டு. 1850களின் முற்பாதியில் அங்குச் செங்கற் கட்டடம் வந்துவிட்டது. குடிசை மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதன் நினைவைத் தமிழ்ப் பெயர் காத்து வைத்திருக்கிறது. கட்டடம் மாறியது, சொல் மாறவில்லை. ஆவணம் தவறவிடுவதை மொழி எவ்வாறு காக்கிறது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

'பள்ளி' என்ற சொல்லையும் சற்று நினைப்போம். சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்திற்கும், கல்விக்கூடத்திற்கும், முஸ்லிம்களின் தொழுகைக் கூடத்திற்கும் தமிழர் வழங்கிய சொல் அது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் இராசராசன் ஆட்சியில், ஸ்ரீவிஜய, கடார அரசமரபினர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்த விகாரத்தை எழுப்பினர். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அவ்விகாரத்திற்குத் தமிழில் வழங்கிய பெயர் 'பெரும்பள்ளி'. மலாய் உலகிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் நாகப்பட்டினத்தில் ஒரு பெரும்பள்ளி எழுப்பினர். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழித்து, தமிழகக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் சிங்கப்பூரில் ஒரு பெரிய பள்ளியை எழுப்பினர். சமயம் வேறு, காலம் வேறு. கடல் ஒன்று, சொல்லும் ஒன்று.

கடல் இருந்த தெரு

சவுத் பிரிட்ஜ் சாலையிலிருந்து பத்து நிமிட நடையில் தெலுக் ஆயர் தெரு. இன்று அதன் பின்புறம் வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்கள். 1820களில் இத்தெருவே கடற்கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது அலை இங்கிருந்து விலகிப் போயிற்று. இதனை முதலில் சொல்லாவிட்டால் இத்தெருவின் கட்டடங்கள் ஏன் இவ்விடத்தில் நிற்கின்றன என்பது மாணவர்க்கு விளங்காது.

நாகூர் தர்காவைப் பார்ப்போம். 1827ஆம் ஆண்டில் காதர் பிள்ளை என்பவருக்கு இந்நிலம் விற்கக்கூடாது என்னும் நிபந்தனையுடன் அளிக்கப்பட்டது. இங்கு அடக்கத்தலம் இல்லை. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சாகுல் ஹமீது வலியுல்லாவின் அடக்கத்தலம் நாகூரில் உள்ளது. இது அவர் நினைவாக எழுந்த இடம். கடலோடிகள் புயலில் அவரை நினைந்து வேண்டுவது தமிழகக் கரையின் வழக்கம். அவ்வழக்கத்துடன் வந்தவர்கள், கரையேறிய இடத்திலேயே அவர் பெயரால் ஒரு நினைவகத்தை எழுப்பினர். பினாங்கிலும் சூலியா தெருவில் அத்தகைய நாகூர் தர்கா ஒன்று உண்டு. நாகூரில் உள்ள தாய்த் தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பதும் நினைக்கத்தக்கது. அங்கு இந்துக்களும் வேண்டுதல் செய்வர். எனவே ஓர் இந்து மாணவர் இத்தர்காவின் முன் நின்று "இது நம்முடையது அன்று" என்று கருதுவாரானால், அவருடைய முன்னோர் சிலரே அதை ஒப்பியிருக்கமாட்டார்கள்.

தர்காவுக்கும் குச்சுப் பள்ளிக்கும் இடையில் தியான் ஹோக் கெங் என்னும் சீனக் கோயில் உள்ளது. முதலில் ஒரு சிறு வழிபாட்டிடமாக இருந்து, 1839க்கும் 1842க்கும் இடையில் ஹொக்கியன் மக்களால் பெருங்கோயிலாகக் கட்டப்பட்டது. டான் டொக் செங் அதன் முதன்மைக் கொடையாளர்களுள் ஒருவர். அங்கு எழுந்தருளியிருப்பவள் மாசு என்னும் கடல் தெய்வம். சீனத்திலிருந்து வந்த பாய்மரக் கப்பல்களில் உயிர் பிழைத்து இறங்கியோர் முதலில் அவளுக்கு நன்றி செலுத்தினர். ஒருபுறம் கடலோடிகளைக் காக்கும் நாகூர் ஆண்டவர். அடுத்தே கடலோடிகளைக் காக்கும் மாசு. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம், வந்தவர்கள் எல்லாரும் ஒரே அச்சத்தைக் கடந்து வந்ததே ஆகும். சமய நல்லிணக்கம் என்னும் சொல்லை நாம் இன்று மேடைகளில் வழங்குகிறோம். இத்தெருவில் அது கொள்கையாகத் தோன்றுவதற்கு முன்பே அண்டை வீட்டாரின் பழக்கமாக இருந்தது.

வழிபட்டோர் பார்வையாளர் ஆன கதை

இவ்வரலாற்றில் அண்மைக்காலப் பகுதி ஒன்று உண்டு. அதனை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. 1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் நகர மையத்தில் நெருக்கமாக வாழ்ந்த குடும்பங்கள் படிப்படியாகப் புதிய பேட்டைகளுக்குக் குடிபெயர்ந்தன. நல்ல வீடும் நீரும் மின்சாரமும் கிடைத்தன. ஆனால் விடியற்காலையில் நடந்தே கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் வந்துபோனவர்கள் அண்டையில் இல்லாதவர் ஆயினர்.

1968ஆம் ஆண்டில் பொது விடுமுறைகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. அப்போது தைப்பூசம் பட்டியலிலிருந்து நீங்கியது, தீபாவளி நிலைத்தது. மலேசியாவின் பினாங்கு, சிலாங்கூர், ஜோகூர் முதலிய மாநிலங்களில் தைப்பூசம் இன்றும் விடுமுறை நாள். சிங்கப்பூரில் விடுமுறை போயினும் விழா போகவில்லை. முதல் நாள் செட்டிப் பூசத்தன்று வெள்ளித்தேர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து புறப்பட்டு, மாரியம்மன் கோயிலில் நின்று, கியோங் சைக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் செல்கிறது. 1840ஆம் ஆண்டு முதல் மாரியம்மன் கோயிலில் நடைபெற்றுவரும் தீமிதித் திருவிழாவுக்கும் பொது விடுமுறை கிடையாது. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து இரவெல்லாம் நடந்து வருகின்றனர். விடுமுறை இருந்தால்தான் விழா நிலைக்கும் என்பதில்லை. விழாவை மனத்தில் வைத்திருப்போர் இருந்தால் போதும் என்பதை இவை காட்டுகின்றன.

1973ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தன் முதல் எட்டு தேசிய நினைவுச் சின்னங்களை அறிவித்தது. அவற்றுள் ஆறு வழிபாட்டிடங்கள். மாரியம்மன் கோயிலும் தியான் ஹோக் கெங்கும் அவ்வாறனுள் அடங்கும். மறு ஆண்டில் ஜாமியா பள்ளிவாசல், அல் அப்ரார் பள்ளிவாசல், நாகூர் தர்கா ஆகிய மூன்றும் சேர்ந்தன. தர்கா பழுதுபார்க்கப்பட்டு 2011ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. இவ்வாறு சட்டம் கட்டடங்களைக் காத்தது. அண்டை மக்களை எச்சட்டமும் காக்க இயலாது. அவர்களுடைய இடத்தில் இன்று விடுமுறைப் பார்வையாளர் நிற்கிறார். ஆகவேதான் அவர் எவ்வாறு பார்க்கிறார் என்பது இப்போது வரலாற்றின் பொறுப்பாகிவிட்டது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

ஒரு விடுமுறை நாளில், அரைநாளில், இந்த ஐந்து இடங்களையும் நடந்தே கண்டுவிடலாம். காலை வெயில் ஏறுமுன் மாரியம்மன் கோயிலில் தொடங்கி, பெரிய பள்ளியைக் கண்டு, தெலுக் ஆயர் தெருவில் தர்கா, தியான் ஹோக் கெங், குச்சுப் பள்ளி என்ற முறையில் செல்வது நன்று. தொழுகை நேரங்களையும் பூசை நேரங்களையும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். உடையிலும் நடையிலும் அடக்கம் வேண்டும். நாம் செல்வது காட்சிக்கூடத்திற்கு அன்று. வழிபாடு நடந்துகொண்டிருக்கும் இடத்திற்கு.

ஒவ்வொரு வாசலிலும் மாணவர் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். இந்நிலம் யாருக்கு, என்ன நிபந்தனையுடன் கிடைத்தது? முதலில் எப்பொருளால் கட்டப்பட்டது? இங்கு வந்தவர் எதற்கு அஞ்சினர், எதை வேண்டினர்? தமிழில் இதற்கு என்ன பெயர் வழங்கியது? முதல் மூன்று கேள்விகளுக்கு அறிவிப்புப் பலகையிலோ நூலகத்திலோ விடை கிடைக்கக்கூடும். நான்காவது கேள்விக்குப் பெரும்பாலும் வீட்டிலுள்ள முதியவர்களே விடை சொல்ல முடியும். பெரிய பள்ளி, குச்சுப் பள்ளி போன்ற பெயர்கள் அவர்கள் நாவில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதிவைப்பது மாணவர் செய்யக்கூடிய முதல் வரலாற்றுப் பணி.

756 பேரைக் கொண்டிருந்த சமூகத்திலிருந்து எழுந்த நான்கு வழிபாட்டிடங்களில் நாம் ஒன்றை மட்டும் நம்முடையது என்று எண்ணிக்கொண்டிருந்தால், நம் வரலாற்றில் முக்கால் பங்கை நாமே பிறர்க்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்பது பொருள். தமிழர் வரலாறு ஒரு சமயத்தின் வரலாறு அன்று. அம்மனிடம் வேண்டியவரும், பெரிய பள்ளியில் தொழுதவரும் கரையேறியபின் முதலில் பேசிய மொழி ஒன்றே. அம்மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் ஆகிய நாம், அடுத்த விடுமுறை நாளில் அச்சாலையில் நடக்கும்போது பள்ளிவாசலைக் கடந்து செல்லாமல் அதன் வாசலிலும் சற்று நிற்போம். அந்த மாணவியின் கேள்வியை அங்கும் கேட்போம்.